பொங்கல் பானை முதல் கார்த்திகை அகல் வரை: பண்டிகைப் படங்களில் முகம் ஏன் இருட்டாகிறது?

#1 வாசல்கோலம்

எல்லோருக்கும் வணக்கம். கைவசம் இருப்பவை: நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்று, க்ராப் சென்சார் (அளவில் சின்ன சென்சார்) உள்ள பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஜூம் இல்லாத 50 எஃப்/1.8 லென்ஸ்.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி நான்கு கோளாறுகள். பொங்கல் படத்தில் வேட்டி பளிச், முகம் கரி. கொலுப் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். தீபாவளிக்கு மத்தாப்பு வெறும் வெள்ளை உருண்டை, பின்னால் பிள்ளை ஆவி மாதிரி. கார்த்திகைக்கு இருபது அகல் ஏற்றியும் படத்தில் பகல் போல வெளுத்துக் கிடக்கிறது.

"புது கேமரா வாங்குங்க" என்பதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

#2 நிலாமுற்றம்

புது கேமரா வேண்டாம். நான்கும் நான்கு தனித்தனிக் காரணம். பொங்கலை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

கேமராவுக்கு வேட்டி எது, முகம் எது என்று தெரியாது. சட்டத்துக்குள் வருகிற மொத்த வெளிச்சத்தையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், வெளுத்த வானம் மூன்றும் சேர்ந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் இறக்கிவிடும். நம்முடைய மாநிறத்துக்கு அந்த இறக்கம் போதும், கண் மூக்கு தெரியாமல் போய்விடும்.

போனில் முகத்தைத் தொட்டு விரலை இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பூட்டுக் குறி வரும். பக்கத்தில் தெரிகிற சூரியக் குறியைக் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். டிஎஸ்எல்ஆரில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 வையுங்கள். +1.3 தாண்டினால் வேட்டி மடிப்பு மறைந்து வெறும் வெள்ளைத் தகடாகிவிடும், அதை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் +0.3 போதும், மீதியைப் பிறகு முகத்தில் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

#3 ஃபிலிம்சுருள்

நிலாமுற்றம் சொன்னது சரிதான், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, ஆளைத் திருப்பி நிறுத்துவது. பண்டிகையில் நேரம் நம் கையில் இல்லை. நல்ல நேரத்தை காலண்டர் தீர்மானிக்கிறது. எங்கே நிற்பது என்பதுதான் நம் கையில் இருப்பது.

தை முதல் நாள் சென்னையில் சூரியன் சுமார் 6.35க்கு எழும்பும், கோவையில் பத்து நிமிஷம் தள்ளி. முதல் முக்கால் மணி நேரம்தான் தங்கம். எட்டரைக்குப் பானை வைக்கிற வீட்டில் வெளிச்சம் அதற்குள் முறைத்துக்கொண்டு நிற்கும்.

#4 கொங்குகேமரா

பொங்கல் பானைக்கு எங்க நிக்கோணும்னு நான் சொல்றேனுங்க.

பெரும்பாலும் பானை வாசல்ல, வைக்கிறவங்க கிழக்கு பார்த்து. சூரியனை முதுகுல வெச்சு எதுத்தாப்புல நின்னா ரெண்டு கெடுதல். ஒண்ணு, எல்லாரும் கண்ணைச் சுருக்கிட்டு நிப்பாங்க. ரெண்டு, உங்க நிழல் பானை மேலயே படுத்துக்கும். சூரியன் பத்து டிகிரி உயரத்துல இருக்கறப்ப நிழல் ஆள் உயரத்தைப் போல அஞ்சரை மடங்கு நீளமுங்க. அஞ்சரை அடி ஆளுக்கு முப்பது அடி. எங்க ஓடித் தப்பிப்பீங்க?

அதனால வடக்கு இல்லைனா தெற்குப் பக்கம் போயிருங்க. வெளிச்சம் பக்கவாட்டுல வரும். முகத்துல ஒரு பாதி பளிச்னு, மறுபாதி மெல்ல இறங்கும். ஆவியும் பனையோலைப் புகையும் அந்தப் பக்கவெளிச்சத்துலதான் தெரியும், ஆனா பின்னால இருட்டா ஏதாவது வேணும். திறந்த கதவு, மரத்தோட நிழல், மாட்டுக்கொட்டகை வாசல் எதுவானாலும் சரி. வெள்ளைச் சுவருக்கு முன்னால ஆவி காணாமப் போயிரும்.

பானை வாய் உயரத்துக்குக் குந்திக்கோங்க. மேல இருந்து எடுத்தா அடுப்பும் சாம்பலும்தான் வரும். நுரை கழுத்துக்கு ஏறினதுல இருந்து வழிஞ்சு அடங்கற வரைக்கும் சில நொடிதான். மஞ்சள் கொத்து கட்டின இடத்துல ஃபோகஸ் வெச்சு, மேனுவலுக்கு மாத்திருங்க. ஆட்டோல விட்டா ஆவியைத் தேடிட்டே கிடக்கும். ஷட்டர் 1/500 நொடி, பர்ஸ்ட், அதாவது படபடன்னு தொடர்ந்து எடுக்கறது. நுரை கழுத்தைத் தொட்டதும் அமுக்குங்க. "பொங்கலோ பொங்கல்" சத்தம் கேட்டதும் அமுக்கினா லேட்டு.

#5 நிலாமுற்றம்

ஒரு இடத்தில் மட்டும் உடன்படவில்லை. பானையில் ஃபோகஸ் வைத்தால் பானைப் படம்தான் கிடைக்கும். கேட்டது குடும்பப் படம். பானைக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்தில் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துளையை எஃப்/8க்கு மூடினால் (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னது, தெளிவு விழும் ஆழம் அதிகம்) பானையும் ஓரளவு கூர்மையாக இருக்கும். நுரை லேசாக மங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குலவை போடுகிற வாய் மங்கினால் படமே போச்சு.

#6 கொங்குகேமரா

ஒத்துக்கறேனுங்க. போன்ல எடுக்கறவங்களுக்கு இந்தச் சண்டையே இல்லை, அதுல ரெண்டுமே தெளிவா வந்துரும். ஆனா போனை நாலடிக்குள்ள கொண்டுபோகாதீங்க. ஆவி லென்ஸ்ல படிஞ்சா அப்புறம் எடுக்கற அத்தனை படமும் பால்கண்ணாடி வழியாப் பார்த்த மாதிரிதான். மஞ்சள், எண்ணெய்க் கைபட்ட லென்ஸும் அப்படித்தான். எடுக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி வேட்டி முனையில துடைச்சிருங்க. பாதிப் பேர் "போன் சரியில்லை"ன்னு சொல்றது இந்தக் கறைதான்.

#7 வாசல்கோலம்

நன்றி, இது புரிகிறது. அடுத்து குரூப் போட்டோ. 14 பேர், இரண்டு வரிசை. 50 எஃப்/1.8இல் எடுத்தால் முன்வரிசை தெளிவு, பின்வரிசை மங்கல். யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார்.

#8 ஃபிலிம்சுருள்

எஃப்/1.8 குரூப்புக்கான எண் இல்லை. உங்கள் க்ராப் கேமராவில் 50 லென்ஸ், 3 மீட்டர் தூரம், எஃப்/1.8 என்றால் தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். முன்வரிசை நாற்காலிக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே அதைவிட அதிக இடைவெளி. அதே தூரத்தில் எஃப்/5.6 வைத்தால் முக்கால் மீட்டர், எஃப்/8இல் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஃப்/8 வையுங்கள், முன்வரிசையில் ஒருவர் கண்ணில் ஃபோகஸ், பின்வரிசையை நாற்காலி முதுகோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள்.

இந்த 14 பேருக்கு 50 லென்ஸோடு ஏழெட்டு மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும், வாசலில் இடம் இருந்தால் அதுவே நல்லது. இடம் இல்லையென்றால் கிட் லென்ஸை 28-35க்கு வைத்துக்கொள்ளுங்கள். 18க்குப் போகாதீர்கள். ஓரத்தில் நிற்பவரின் தலை பலாப்பழம் மாதிரி இழுபடும். போனில் 0.5 அகலக் கோணம் போட்டாலும் இதே கதை. கூடம் சின்னது, வேறு வழியில்லை என்றால் ஒல்லியான ஆட்களை ஓரத்தில் நிறுத்துங்கள். பெரிய அத்தையை ஓரத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தைரியசாலிகளின் வேலை.

தோளை நேராகக் காட்டி அணிவகுப்பு மாதிரி நிற்க வேண்டாம். எல்லோரும் அரைப்பக்கம் உள்பக்கமாகத் திரும்பினால் 7 பேர் வரிசை 3 மீட்டருக்குள் அடங்கும்.

கண் மூடுவதற்கு ஒரு கணக்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் போட்டது, 2006இல் இக் நோபல் பரிசு (சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கிற ஆய்வுகளுக்கானது) வாங்கியது. 20 பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கலில் இரண்டால். உங்கள் 14 பேருக்கு வாசலில் 5 படம், கூடத்தில் 7 படம். மங்கலில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருப்பதால் இமை சிக்க வாய்ப்பு கூடுகிறது, அதனால்தான் அந்த வித்தியாசம். பொடிசுகள் இருந்தால் இன்னும் நான்கைந்து கூட்டிக்கொள்ளுங்கள், அது அவர்கள் கணக்கில் இல்லை.

#9 மாடிவீடு

கோடைக்கும் ஒரு வார்த்தை. சித்திரை வருஷப்பிறப்பு, கோயில் திருவிழா, காதுகுத்து எல்லாமே உச்சிவெயிலில் வந்து நிற்கும். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல், நிழலே விழாது. தெற்கே போகப் போக அந்த நாள் இன்னும் முன்னாடியே வரும். அந்த வெளிச்சத்தில் கண்குழி இரண்டும் கறுப்புப் பொந்து, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல்.

வெயிலில் எடுக்காதீங்க, அவ்வளவுதான். திண்ணை, போர்ட்டிகோ, மாடிப்படி நிழல் எதுவானாலும் நிழல் முடிகிற கோட்டிலிருந்து உள்ளே இரண்டடி தள்ளி, வெளியே பார்த்து நிற்கச் சொல்லுங்க. எதிரே வெயில் பட்ட தரையே பெரிய ரிஃப்ளெக்டர். சிமெண்ட் தரை இல்லாமல் செம்மண்ணோ புல்லோ இருந்தால், நான்கு முழ வெள்ளை வேட்டியை முன்னால் விரித்துவிடலாம், அல்லது ஸ்டேஷனரி கடைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை மார்பளவில் சாய்த்துப் பிடிக்கலாம்.

மரத்தடி வேண்டாம். இலை இடுக்கு வழியாக விழும் வெயில் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி பொட்டுப் பொட்டாக வரும்.

இதைவிட மோசமானது பந்தல் துணி. சிவப்பு மஞ்சள் சாமியானாவுக்குக் கீழே எல்லோர் முகமும் பழுத்த மிளகாய். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லோருக்கும் உடம்பு சரியில்லாத மாதிரி. ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) மாற்றினால் முகம் சரியாகும், பந்தலுக்கு வெளியே தெரிகிற தெருவின் நிறம் கெட்டுவிடும். பந்தல்காரரிடம் முன்பே சொல்லி, படம் எடுக்கிற மூலைக்கு மட்டும் வெள்ளைத் துணி கட்டச் சொல்வதுதான் மருந்து.

#10 அகல்50

கொலுப் படத்தில் கறுப்புப் பட்டை வருவதற்குக் காரணம் நம் ஊர் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/250இல் ஓடும் ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், பட்டை போய்விடும். போன் செட்டிங்கில் ஆன்டி-ஃப்ளிக்கர் (இந்தப் பட்டையைத் தடுப்பது) இருந்தால் 60இல் இருக்கிறதா என்று பார்த்து 50க்கு மாற்றுங்கள்.

படிக்கட்டைச் சுற்றிச் சுற்றுகிற சீரியல் செட்டில் மலிவு ரகம் சில, அலையின் பாதியில் மட்டும் எரியும், அதாவது நொடிக்கு 50 முறை. அதற்கு 1/100 போதாது, 1/50தான். 1/50இல் பிள்ளை அசைந்தால் மங்கும். ஆகவே பாட வைத்து எடுக்காதீர்கள், பாட்டு முடிந்து மூச்சு விடுகிற கணத்தில் எடுங்கள்.

பிள்ளையைக் கொலுவோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கைந்து அடி முன்னால் உட்கார வையுங்கள். ஒட்டி நின்றால் ஒரு பொம்மை தலையில் முளைத்த மாதிரி இருக்கும்.

#11 மாடிவீடு

கொலுவுக்கு வருகிற பட்டுப்பாவாடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரக்கு, ராணி பிங்க் இரண்டும் சென்சாரில் சீக்கிரம் நிரம்பிவிடும். படத்தில் நெசவே தெரியாமல் ஒரே சிவப்புக் குழம்பாக இருக்கும். -0.7 இறக்கி எடுத்து, முகத்தைப் பிறகு ஏற்றுங்கள். நேரடி ஃப்ளாஷ் பட்டால் ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும்.

அப்புறம் போர்ட்ரெய்ட் மோட். மல்லிகைச் சரத்தையும் ஜிமிக்கித் தொங்கலையும் அது பின்புலம் என்று நினைத்து அரைகுறையாக மங்கடிக்கும். பின்னலில் வைத்த பூவின் பாதி காணாமல் போயிருப்பதை எல்லோரும் அனுப்பிய பிறகுதான் கவனிப்பீர்கள். தலைநிறையப் பூ வைத்த நாளில் அதை அணைத்துவிட்டு 2 மடங்கு ஜூம் போட்டுப் பின்னால் போங்கள்.

#12 நிலாமுற்றம்

அணைக்க வேண்டியதில் இன்னொன்று, பியூட்டி மோட். பல போன்களில் செல்ஃபி கேமராவில் வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். தோலை வெளுப்பாக்கும், தாத்தாவின் நெற்றிச் சுருக்கத்தை இஸ்திரி போடும். முப்பது வருஷம் கழித்துப் பேரன் பார்க்கும்போது அந்தச் சுருக்கம் இருக்க வேண்டாமா?

#13 அகல்50

தீபாவளிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2018 முதல் வெடிக்கிற நேரம் காலை 6-7, இரவு 7-8. இதில் நல்ல செய்தி காலை நேரம். ஐப்பசியில் சூரிய உதயம் 6 மணியை ஒட்டித்தான். எண்ணெய்க் குளியல் முடித்து, புதுத்துணி, மஞ்சள் வைத்த காலரோடு வாசலுக்கு வருகிற அந்த அரை மணி நேரம் மத்தாப்பும் தெரியும், முகமும் தெரியும், தெருவும் தெரியும். இரவில் ஆயிரம் வித்தை செய்தாலும் அந்தப் படம் கிடைக்காது.

இரவு 7-8 முழு இருட்டு. கம்பி மத்தாப்பு எரிகிற இடத்துக்கும் முகத்துக்கும் வெளிச்சத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முகத்தில் எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், பொறி வெளுத்தால் வெளுக்கட்டும். 50 லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை ஏற்றிக் காட்டும் அளவு) 800, எஃப்/2.8, 1/60 என்று ஆரம்பியுங்கள். 1/60இல் பொறி கீற்றுக் கீற்றாக நீளும், முகமும் பெரும்பாலும் நிற்கும். 1/500 வைத்தால் பொறிகள் வெறும் புள்ளிகளாகச் சுருங்கும், அதில் அழகே இல்லை.

பிள்ளை ஆவி மாதிரி வந்ததற்குக் காரணம் நைட் மோட். இரண்டு மூன்று நொடிக்குப் பல படம் எடுத்து ஒட்டுகிறது, அதற்குள் பிள்ளை மூன்று இடத்துக்குப் போயிருக்கும். அணைத்துவிடுங்கள்.

மத்தாப்பைக் கையை நீட்டிப் பக்கவாட்டில், மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேர் கீழே பிடித்தால் பேய்ப்பட வெளிச்சம், பாதுகாப்பும் இல்லை.

காற்றில் பெயர் எழுத ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 5 நொடி. எழுத்து கண்ணாடிப் பிம்பமாக விழும், அதைப் போனில் திருப்பிக்கொள்ளலாம். ஐந்து நொடியில் "அ" வரையத் திணறுவார்கள். "ட", "ப" சுலபம்.

#14 கொங்குகேமரா

ஃப்ளாஷ் போடலாமுங்களா? புஸ்வாணத்துக்கு முன்னால நிக்க வெச்சு எடுக்கறதுக்கு கேட்கறாங்க.

#15 அகல்50

ஏழரைக்கு மேல் தெருவே புகை. ஃப்ளாஷ் போட்டால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற புகைத் தூள்தான் முதலில் வெளிச்சம் வாங்கும், படம் முழுக்க வெள்ளைக் குமிழி. ஏழு மணிக்கே எடுங்கள், தெருவின் காற்று வருகிற திசையில் நில்லுங்கள். அப்போதும் ஃப்ளாஷை 1/4 பவருக்கு இறக்கி, ரியர் கர்ட்டனில் (ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃப்ளாஷ் அடிப்பது) வைத்தால் புஸ்வாணத்தின் வளைவும் கிடைக்கும், கடைசியில் ஒரு மின்னலில் முகமும் உறையும்.

திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்காதீர்கள். அணைந்த கம்பி சிவப்பு போன பிறகும் நிமிஷக்கணக்கில் சுடும். அவற்றைப் போட ஒரு வாளித் தண்ணீர் படத்துக்கு வெளியே இருக்கட்டும்.

#16 வாசல்கோலம்

கார்த்திகை மட்டும் பாக்கி. இருபது அகல் ஏன் தெரியவில்லை?

#17 ஃபிலிம்சுருள்

மூன்று காரணம். டியூப்லைட் எரிந்திருக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அகலின் மஞ்சளைப் "பிழை" என்று திருத்தியிருக்கும். போன் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றியிருக்கும்.

விளக்குச் சுடரின் நிறம் 1900 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பக்கம் இருக்கும். ப்ரோ மோடில் ஒயிட் பேலன்ஸை 3500 என்று நீங்களே வையுங்கள். தங்க நிறம் இருக்கும், முகம் மஞ்சள் கிழங்காகாது. 5500 வைத்தால் எல்லோரும் ஆரஞ்சு. சுடரின் பக்கத்தில் தொட்டுப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இறக்குங்கள், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

நேரம்தான் முக்கியம். அந்த மாதத்தில் சென்னையில் சூரியன் 5.40 வாக்கில் மறையும். திருவண்ணாமலை மலைமேல் தீபம் 6 மணிக்கு. அதை டிவியில் பார்த்துவிட்டு வாசலில் ஏற்றுகிற வீடுகளில், வானம் நீலமாக இருக்கிற நேரம் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் மிச்சம். 5.45க்கே அகலில் எண்ணெய் விட்டு, திரி நனைத்து, யார் எங்கே நிற்பது என்று வைத்துப் பார்த்துவிடுங்கள். தீபம் தெரிந்ததும் ஏற்ற வேண்டியது மட்டும் பாக்கி இருக்க வேண்டும். 6.20க்கு மேல் வானம் கறுப்பு, அப்போது சுடரும் முகமும் மட்டுமே உள்ள நெருக்கப் படங்கள் எடுக்கலாம்.

ஒரு அகல் ஒரு முகத்துக்குப் போதாது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். ஆகவே தாம்பாளத்தில் ஏழெட்டு அகலை நெருக்கி வைத்து, முகத்திலிருந்து இரண்டடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் ஒரு முக்காலி மேல். தரையில் வரிசையாக இருப்பவை பின்புலம். தாவணி முந்தானை தாம்பாளப் பக்கம் தொங்காமல் இடுப்பில் செருகியிருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 1600, எஃப்/2, 1/60. திரி புதிதாக இருந்தால் சுடர் ஆடும், இரண்டு நிமிஷம் எரிய விட்டு எடுங்கள்.

#18 மாடிவீடு

அது மழைக்காலம் வேறு. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வாசலுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் வேர்த்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி வரும். 5.15க்கே ஜிப் உறையில் போட்டு வெளியே வைத்துவிடுங்கள், அரை மணியில் பழகிவிடும்.

#19 வாசல்கோலம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. ட்ரைபாடும் இல்லை.

#20 ஃபிலிம்சுருள்

கனமான சொம்பில் முக்கால்வாசி அரிசி, அதில் போனைக் குத்தி நிறுத்துங்கள், லென்ஸ் உள்ள முனை மேல்பக்கம் இருக்கட்டும். சொம்பு ஸ்டூல் மேல், லென்ஸ் உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சு உயரத்தில். டைமர் 10 நொடி, பர்ஸ்ட். உங்களுக்கான இடத்தை ஓரத்தில் காலியாக விட்டு, அங்கே தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடி வந்து நிற்க ஆறு நொடி, மூச்சு வாங்க நாலு நொடி. குழுவில் அனுப்பும்போது "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் நசுங்கி வந்த கோப்பைத்தான் கடையில் பிரின்ட்டுக்குக் கொடுப்பார்கள். 12க்கு 8 அங்குலப் படத்துக்கு 3600க்கு 2400 பிக்ஸல் வேண்டும்.

#21 கொங்குகேமரா

அந்த அரிசியை அப்புறம் பொங்கலுக்கே போட்டுக்கலாமுங்க.